ஒரு வீட்டுக்கு ஒருவர்

1

அடையாற்றுப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. மண்டபத்து வாசலில் கழற்றியது அங்கேயே கிடந்திருக்கும். திரும்பிப் போக மனமில்லை. வெயிலில் தார் இளகியிருந்தது. இதைவிடச் சூடான தரைகளில் வெறுங்காலோடு வேலை பார்த்தவன் நான். ஆகவே நடந்தேன்.

எனக்குப் பின்னால், ஆற்றின் தெற்குக் கரையில், பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு மையம். அதன் மண்டபத்தில் வெளிநாட்டு விருந்தினர்கள் முன்னால் என் அக்காள் புருஷன் சூசை பேசி முடித்திருந்தார். பம்பாயில் எனக்கு நடந்ததைத் தமக்கு நடந்ததாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அது ஓயும் முன்பே நான் வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு வந்தது கோபம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருந்திருந்தால் மந்தைவெளி வருவதற்குள் இறங்கியிருக்கும். இது இறங்கவில்லை. கடல் தாண்டி வந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, இப்போது தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் இறங்கவில்லை. அதனால் அதன் சரியான பெயரையே சொல்லிவிடுகிறேன். பொறாமை.

2

நான் இப்போது இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு கம்பளி ஆலை ஊர். ரொட்டித் தொழிற்சாலையில் ரொட்டிகளை உறையில் போடுகிறேன். மனைவி மெர்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டு வாடகை பெரும்பாலும் அவள் சம்பளத்தில்தான் போகிறது. எங்கள் தெருவில் பாகிஸ்தான்காரர்கள், போலந்துக்காரர்கள், மேற்கிந்தியத் தீவுக்காரர்கள், ஓர் ஐரிஷ் கிழவர் எல்லாரும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் ஒருவர் வீட்டுப் புகை இன்னொருவர் வீட்டுக்குள் போகும். மற்றபடி யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை.

இப்படிப் பலவகை மக்கள் ஒரே தெருவில் எப்படி வாழ்கிறார்கள், யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்று ஆராய இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒரு மையம் திறந்திருக்கிறது. அங்கிருந்து போன வாரம் ஜேன் என்ற இளம்பெண் வந்து கதவைத் தட்டினாள்.

இந்த நாட்டில் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. குடியேற்ற அலுவலகத்தில் என் தகப்பனார் பிறந்த ஊரை மூன்று ஜன்னல்களில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை அலுவலகத்தில் என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். ஆனால் உனக்கு அங்கே எப்படி இருந்தது, இங்கே எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஜேன் கேட்ட முதல் கேள்வி, “இந்தக் குடும்பத்தின் தலைவர் யார்?”

மெர்சி கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையாலேயே என்னைக் காட்டினாள். என் முதுகு தானாக நேரானது. ஆறு வயது மகன் சேவியர் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவனுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், அதுவும் இந்த ஊர்க்காரன் பேசுவதைப்போல.

நான்தான், என்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல எத்தனை காலம் காத்திருந்தேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

3

எட்டாம் வகுப்போடு சாந்தோம் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பெல்லாரியில் சுரங்க லாரி, விசாகப்பட்டினத்தில் துறைமுகம், பம்பாயில் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, எழுபதுகள் தொடங்கிய சமயத்தில் சென்னைக்குத் திரும்பி ஸ்டெல்லா அக்காள் வீட்டில் விழுந்தேன். மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே ஓடும் கால்வாயின் கரையில் ஓலைக் குடிசை. எங்கள் வரிசையில் தெலுங்கு பேசும் துப்புரவுத் தொழிலாளர்கள், பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர்கள், உருது பேசும் பீடிக்காரர்கள், எங்களைப்போல் மாதா கோயில்காரர்கள் எல்லாரும் அடுத்தடுத்து இருந்தோம். தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். யார் குடத்துக்குப் பின்னால் யார் குடம் நிற்கலாம் என்பதற்கு மட்டும் எழுதாத சட்டம் இருந்தது.

சூசை மாமா திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் வந்து தியாகராய நகர் துணிக்கடையில் சேர்ந்தவர். அதற்குப் பிறகு தாம்பரம் தாண்டியதில்லை. சேலை விரித்துக் காட்டுவது அவர் வேலை. சேலையை ஒரு உதறு உதறி, மடியில் விழவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு மெதுவாக, “உனக்குன்னே ஒதுங்கிக் கெடந்துச்சும்மா இது” என்பார். சும்மா பார்க்க வந்தவளும் வாங்கிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம்தான் ஆய்வு மையத்திலிருந்து சாரதா வந்தார். மாட வீதியில் வீடு, பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. முதல் நாள் குழாயடியில் நாய்கள் சூழ்ந்துகொண்டன. நான் விரட்டினேன். அன்றிலிருந்து அவரைக் குடிசை குடிசையாக அழைத்துப்போவது என் வேலையாயிற்று. யார் வீட்டில் எந்தப் பாஷை, எந்த வீட்டில் புருஷன் எப்போது இருப்பான், எந்த வீட்டில் டீ குடித்தால் எந்த வீட்டுக்காரி முகத்தைத் திருப்புவாள் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கரைக்காரர்கள் அவரை டீச்சர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஆய்வுக்கு ஒரு முறை இருந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கேட்பார்கள். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார் டீச்சர். கோடு போட்ட வீட்டுக்கு சர்க்கார் மாடி வீடு கொடுக்கப்போகிறது என்று கரையில் பேச்சு பரவிவிட்டது. கோடில்லாத வீட்டுத் தாயம்மா, கோடு போட்ட வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

“நான் இந்தப் பொண்ணுக்கு சின்னம்மா. என்னியும் எழுதிக்க டீச்சர்.”

“போன வாரம் இவளோட குழாயடியில சண்டை போட்டேளே.”

“சொந்தம்னாத்தான சண்ட வரும்? எழுதிக்க.”

டீச்சர் சிரித்துக்கொண்டே எழுதாமல் விட்டார். தாயம்மாவுக்கு மாடி வீடு போய்விட்ட ஏக்கம். எனக்கு அது இல்லை. மாடி வீடெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். என் ஏக்கம் வேறு. கரையிலிருந்தே ஓர் ஆளை மையத்தில் நிரந்தரமாக எடுக்கப்போவதாக டீச்சர் ஒரு நாள் சொன்னார். மேஜை, நாற்காலி, மாதச் சம்பளம், ஞாயிறு லீவு. அது நீங்கள்தான் என்று அவர் சொல்லவில்லை. வேறு யாராக இருக்க முடியும் என்று நான்தான் முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. எல்லா வீட்டிலும் கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்பார். “உங்களை யாராவது ஒதுக்கி வெச்சிருக்காளா? அப்படித்தான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” வீடு வீடாக அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கான பதிலை நான் மனத்துக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் நோட்டை மூடிக்கொண்டு, “அடுத்த வீடு போலாமா லாசர்?” என்பார்.

4

அந்தக் கணக்கில் எங்கள் குடிசையும் வந்தது. சூசை மாமா கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் டீச்சரோடு போய், என் வீட்டுக்கே அவரை வழிகாட்டி அழைத்துவந்தேன். அக்காள் அடுப்படியில் இருந்தாள். அந்தக் கடைசிக் கேள்வி வந்தது.

மாமா தரையைப் பார்த்தார். சேலையை உதறிவிட்டுக் காத்திருப்பாரே, அதே மாதிரி.

“பம்பாயில இருந்தேன் டீச்சர், கொஞ்ச நாளு. ரூம்ல ஆறு பேரு. எல்லாம் நம்ம தமிழாளுங்கதான். புதுசா வர்றவன் வாசப்படியாண்ட படுக்கணும். அடுத்தவன் வந்தா இவன் உள்ள தள்ளிப் படுப்பான். அதான் சட்டம். எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொன்னேன். எனக்கப்புறம் ஒருத்தன் வந்தான். ‘நீ காலையில சீக்கிரம் போறவன், அங்கயே இரு’ன்னாங்க. அப்பால இன்னொருத்தன். அவனும் உள்ள போனான். என்னிய யாரும் ஒரு வார்த்த சொல்லல டீச்சர்.”

இது வரைக்கும் என்னுடையது. ஒரு மழை நாளில் சோறு தின்றுகொண்டே நான் அக்காளுக்குச் சொன்னது. மாமா அப்போது மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்கிறார் என்றே நான் நினைக்கவில்லை.

பிறகு மாமா தலையைத் தூக்கினார்.

“அவங்க என்னியத் தாண்டிப் போறப்ப நான் காலை மடக்கிக்குவேன். அவங்க கால் என் மேல பட்டு அவங்களுக்கு ஒரு சங்கடம் வந்துடக் கூடாதேன்னு, நான் மடக்கிக்குவேன்.”

டீச்சரின் பேனா நின்றுவிட்டது. இத்தனை வீடுகளில் அது நின்று நான் பார்த்ததில்லை.

“மாமா” என்றேன்.

அக்காள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். டீச்சரும் திரும்பினார்.

“நடுவுல பேசாதீங்கோ லாசர். ஒரு ஆத்துக்கு ஒருத்தர்தான். மிஸ்டர் சூசை, நீங்க சொல்லுங்கோ.”

மிஸ்டர் சூசை. எத்தனையோ மாதம் கூட நடந்த எனக்கு வெறும் லாசர். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் காலை மடக்கின வரி எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் என்னைத் தின்றது. நான் அப்படி மடக்கினேனா? அன்று எனக்கு நினைவில்லை. இப்போது நன்றாக நினைவிருக்கிறது. முழங்காலில் சுவரின் ஈரம் பட்டதுகூட நினைவிருக்கிறது. அது என் நினைவா, மாமா போட்டுவைத்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

5

கொஞ்ச நாள் கழித்து மையத்தில் கூட்டம். கரை மக்களில் ஒருவரைப் பேசவைக்கப்போகிறார்கள் என்றார்கள். மாமாவைக் காரில் வந்து அழைத்துப்போனார்கள். நான் பஸ்ஸில் போனேன். மண்டபத்தில் நாற்காலி நிரம்பியிருந்ததால் வாசலில் நின்றேன்.

“லாசர், வழியில நிக்கறேளே. கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்கோ” என்றார் டீச்சர், உள்ளே வந்தவர்களுக்கு இடம்விட்டு.

மாமா சொன்னார். ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். காலை மடக்கின இடத்தில் ஒரு வெள்ளைக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பேராசிரியர் எழுந்து, வாழ்ந்து பார்த்தவர்கள்தான் இந்த ஆய்வுக்குத் தேவை, ஆகவே திரு. சூசையை மையத்தின் களப் பணியாளராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார். அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

பாலம் தாண்டி நடந்தபோது ஒன்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. வேலை எனக்குக் கிடைக்காமல் போனாலும் போகட்டும். அந்த வாசற்படியில் படுத்தவன் நான் என்று ஓர் ஆளுக்காவது தெரிய வேண்டும். மாட வீதியில் டீச்சர் வீட்டுக்கு எதிரே, பூக்கடை ஓரம் நின்றேன். மாலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன லாசர், பாதிக் கூட்டத்துல காணோமே? காபி குடுத்தாளே.”

“டீச்சர், என்னிய நீங்க கேக்கவே இல்ல.”

“எதை?”

“எல்லாரையும் கேப்பீங்களே, கடசியா. அத.”

அவர் நல்லவர். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றார். “சரி, இப்போ கேக்கறேன். சொல்லுங்கோ.”

இத்தனை மாதம் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். “பம்பாயில வாசப்படியாண்ட படுத்துக்கினு இருந்தேன் டீச்சர். எனக்கப்புறம் வந்தவன்லாம் உள்ள போனான்.”

டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கேலி இல்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

“அது உங்க மாமாவோட அனுபவமாச்சே. நீங்களும் அவரோட அங்க இருந்தேளா?”

அவரே தொடர்ந்தார்.

“கேட்டுக் கேட்டு நமக்கே நடந்தாப்ல ஆயிடும். எனக்கும் அப்படித்தான். இதுக்குத்தான் ஒரு ஆத்துல ஒருத்தரை மட்டும் கேக்கறது. இல்லேன்னா ஒரே விஷயம் ரெண்டு தரம் வந்துடும்.”

இல்லை டீச்சர், அது என்னுடையது, என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் மாமா வேலை போகும். சொன்னாலும் அவர் நம்புவாரா என்பது இரண்டாவது. நான் எப்படிச் சொன்னாலும் மாமா சொன்னதுபோல் இருக்காது என்பது மூன்றாவது. மூன்றில் எது என் வாயை அடைத்தது என்று நேர்மையாகச் சொன்னால், மூன்றாவதுதான்.

“வரேன் டீச்சர்” என்றேன்.

6

ஜேனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாயின் பின்பக்கம் இருந்தோம் என்று சொல்லப்போய், ஆங்கிலத்தில் உடம்பின் பின்பக்கத்துக்கு வைத்த சொல்லைச் சொல்லிவிட்டேன். சேவியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜேன் சிரிக்காமல் எழுதினாள்.

பம்பாய் அறைக்கு வந்தபோது நானும் தரையைப் பார்த்தேன். கொஞ்சம் நிறுத்தினேன். அவர்கள் தாண்டிப் போகும்போது காலை மடக்கிக்கொள்வேன் என்றேன். மாமா நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினேன். ஜேன் ஒரு கணம் பேனாவை நிறுத்தினாள். பிறகு தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். வாரத்துக்கு எத்தனை முறை அண்டை வீட்டாரோடு பேசுவீர்கள்? கண்ணாடி கழற்றும் அளவுக்கு ஒன்றும் இல்லை. மாமா இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். ஐயாயிரம் மைல் தள்ளி வந்தும் அதைத்தான் நினைத்தேன்.

அவள் போன பிறகு மெர்சி கேட்டாள்: “காலை மடக்கினதா என்கிட்ட சொன்னதே இல்லையே?”

சேவியருக்கு வேறு சந்தேகம். ஏன் அப்பா வேறு ரூமுக்குப் போகவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்குத் தனி ரூம் இருக்கிறது. கதவும் இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான். எனக்கு அவன்மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது.

7

அன்று மாட வீதியிலிருந்து கால்வாய்க்கரைக்கு வந்தபோது அக்காள் வாசலில் நின்றாள். பூக்கடை வழியாகச் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

“டீச்சராண்ட போய் இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“சொல்லிட்டியா, சொல்லலையா?”

“சொன்னேன். நம்பல.”

அக்காள் மூச்சு விட்டாள். நம்பவில்லை என்றதும் அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

“தோ பாரு லாசரு. அந்த மனுசன் எங்கயும் போனதில்ல. அவராண்ட ஒண்ணுமே இல்லடா, எடுத்துச் சொல்ல. நீ நாளைக்கே ரயிலேறினா உனக்கு இன்னொண்ணு நடக்கும். அவருக்கு இது வுட்டா வேற இல்ல. புள்ளைங்க கீது. வுட்ரு.”

அதற்குள் மாமாவே வந்துவிட்டார். கையில் வாழைப்பழச் சீப்பு, மல்லிகைப் பூ. என்னைக் கண்டு தயங்கவில்லை. பழத்தைப் பிய்த்து நீட்டினார்.

“கோவமா மச்சான்?”

“என் கதய ஏன் சொன்ன?”

“நீ சொன்னா யார் கேப்பா? மழ பேஞ்சிச்சு, பஸ் வந்துச்சுன்ற மாதிரி சொல்ற. அன்னைக்கு நீ சொன்னப்ப உங்கக்கா கூட இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டான்னுதான் கேட்டா. எனக்குத்தான் அப்பால ரெண்டு நாளு தூக்கம் வரல.”

அது பொய் இல்லை என்று தெரிந்தது. அதனாலேயே இன்னும் எரிந்தது. என் கதைக்காக என்னைவிட அவர் அதிகம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

“கால மடக்கினேன்னு நான் சொல்லவே இல்லையே.”

“மடக்கியிருப்ப. நீ அப்படித்தான்.” பழத்தோலைக் கால்வாயில் எறிந்தார். “கடையில என் எடம் காலியா கீது. மொதலாளியாண்ட சொல்லிட்டேன். காலையில போய் நில்லு.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும், அந்தச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். பழத்தை வாங்கித் தின்றேன்.

மறுநாள் காலை பனகல் பார்க் நிறுத்தத்தில் இறங்கி கடைக்குப் போனேன். மாதா படமும் முருகன் படமும் அடுத்தடுத்து மாட்டிய கல்லாவில் முதலாளி இருந்தார். பெரிய உடம்பு, நெற்றி நிறைய விபூதி.

“நீதான் சூசை மச்சினனால? ஊரெல்லாம் சுத்துனவம்லா நீ. அந்தச் சேலைய எடு. நான் பொண்டாட்டியோட வந்திருக்கேன்னு வச்சிக்க. விரிச்சுப் பேசு, பாப்போம்.”

விரித்தேன். இன்ன நிறம், இன்ன ஊர் நெசவு, சாயம் போகாது என்றேன். சாயப்பட்டறையில் வேலை பார்த்ததால் கடைசியாகச் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முதலாளி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“அவ்வளவுதானால?”

“அவ்ளோதாங்க.”

“சூசை எடத்துல உக்கார வாய் வேணும்ல. ஒனக்கு அது அமையல. ஆனா சோலி இருக்கு. அந்தா, அந்த ஓரத்துல போய் உக்காரு. அவனுக விரிச்சுப் போடுத சேலைய எல்லாம் மடிச்சு வையி.”

உட்கார்ந்தேன். கடை திறந்ததும் ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. மாமாவின் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து, ஒரு உதறு உதறி, பேசத் தொடங்கினான். பெண்கள் சிரித்தார்கள். பிடிக்காத சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக என் பக்கம் வந்து விழுந்தன. நான் முதல் சேலையை எடுத்து மடித்தேன்.